ஆறு வருடப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி: உடன் வேலை பார்க்கும் நண்பர், தான் திருநம்பி (பிறந்தபோது பெண் எனக் கருதப்பட்ட ஆண்) என்று சொல்லிப் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஆறு வருடம் ‘வாடி, போடி’ என்று பேசிய வாய் எனக்கு. நேற்றும் அவர் காதுபட ‘வந்துட்டாளா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது, எனக்கு மனசே சரியில்லை.

பதில் 1: ‘அவர்’ என்று சொல்லிப் பழகுங்கள், அதில் ஆண் பெண் தெரியாது. ஆனால் நாக்கு தவறுவது வினைமுற்றில்தான்: ‘வந்தாள்’. தவறினால் உடனே ‘வந்தார்’ என்று திருத்திவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

பதில் 2: நான் திருநங்கை. ‘அவர்’ மரியாதைதான், ஆனாலும் ‘அக்கா’ என்று ஒருவர் கூப்பிட்ட அன்று அழுதுவிட்டேன். உங்கள் நண்பரை எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். பழைய பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

கேட்டவர்: கேட்டேன். ‘வாடா, போடா போதும்’ என்றார்.