ஃபர்னஸும் ஏசியும் மாற்ற மூன்று மதிப்பீடுகள்: எதை எப்படி ஒப்பிடுவது?

வடலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்கார்புரோவில் 1980களில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 1,800 சதுர அடி கொண்ட தனிவீட்டில் வசிக்கிறோம். பேஸ்மென்டில் இருப்பது, வீட்டைச் சூடாக்கும் பழைய எரிவாயு ஃபர்னஸ்; 100,000 பி.டி.யு. (வெப்பத்தின் அலகு, இங்கே மணிக்கு) அளவும் 80 சதவீதப் பயன்திறனும் கொண்டது. ஏசி 3 தொன் (குளிரூட்டும் திறனின் அளவு). இரண்டுக்கும் வயது போய்விட்டதால் குளிர்காலம் தொடங்குமுன் மாற்றிவிட விரும்பி, மூன்று நிறுவனங்களை வீட்டுக்கு அழைத்து மதிப்பீடு பெற்றோம்.

முதல் நிறுவனத்திலிருந்து வந்தவர் பழைய ஃபர்னஸின் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு, 100,000 பி.டி.யு. அளவில் 96 சதவீத ஃபர்னஸும் 3 தொன் ஏசியும் 9,800 டொலர் என்று எழுதித் தந்தார். இரண்டாமவர் ஒவ்வோர் அறையாக அளந்து, யன்னல்களையும் குறித்துக்கொண்டு, 60,000 பி.டி.யு. ஃபர்னஸுடன் இரண்டரைத் தொன் ஹீட் பம்ப் (கோடையில் ஏசியாகவும், குளிரில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் கருவியாகவும் இயங்குவது), 14,600 டொலர் என்கிறார். மூன்றாமவர் கேட்பது முன்பணம் இல்லாத வாடகை: மாதம் 159 டொலரும் வரியும், பத்து ஆண்டுகள்.

வயதான பெற்றோர் எங்களுடன் இருக்கிறார்கள். இருந்த அளவில் பாதியைச் சற்றே தாண்டும் ஃபர்னஸ் தை மாதக் குளிருக்குப் போதுமா என்பதுதான் என் பெரிய கவலை. கடந்த ஜனவரியில் எங்கள் எரிவாயுப் பாவனை 520 கன மீற்றர்.

தும்பை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் எரிவாயு உரிமம் பெற்று இதே தொழிலில் இருப்பவன். இந்த மூன்று விலைகளையும் இப்போது அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மூவரும் மூன்று வெவ்வேறு பொருட்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்பதை முதலில் நிலைநாட்டி, அதே தேவைக்கு மூவரிடமும் விலை கேட்டால்தான் ஒப்பீடு என்று ஒன்று உருவாகும்.

ஃபர்னஸின் தகட்டில் எழுதியிருப்பது உள்ளே செல்லும் எரிபொருளின் அளவு. உங்கள் பழைய ஃபர்னஸ் 100,000 எரித்து 80,000 பி.டி.யு. வெப்பத்தை வீட்டுக்குள் தருகிறது. அதே 100,000 அளவில் 96 சதவீத ஃபர்னஸ் வைத்தால் 96,000 வரும். அதாவது முதல் நிறுவனம் உங்கள் ஃபர்னஸை மாற்றவில்லை, பெருப்பிக்கிறது. இரண்டாமவர் சொன்ன 60,000 என்பது 57,600 தரும்.

அது போதுமா என்பதை நீங்கள் தந்த பாவனைக் கணக்கிலேயே பார்க்கலாம். 520 கன மீற்றரில் சுடுநீருக்கும் சமையலுக்கும் 60ஐக் கழித்துவிடுங்கள். ஒரு கன மீற்றர் எரிவாயுவில் ஏறத்தாழ 35,000 பி.டி.யு. உண்டு, 460ஐ அதனால் பெருக்கி, அதில் 80 சதவீதத்தை எடுத்து, மாதத்தின் 744 மணித்தியாலங்களால் வகுத்தால், மணிக்குச் சராசரியாக 17,000 சொச்சம் வருகிறது. மிகக் கடுமையான இரவில் இது இரண்டு மடங்காகும் என்று தாராளமாக வைத்தாலும் 35,000ஐ ஒட்டித்தான் நிற்கும். எனவே 60,000 அளவில் உங்கள் பெற்றோர் குளிரில் வாடமாட்டார்கள். தேவைக்கு மிஞ்சிய ஃபர்னஸ்தான் சில நிமிடம் எரிந்து அணைந்து, மீண்டும் எரிந்து, மேல்மாடி அறைகளைக் குளிராகவே விட்டுவிடும்.

இது மேலோட்டமான சரிபார்ப்பு மட்டுமே. சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனேடியத் தர முறைப்படி செய்த வெப்ப இழப்புக் கணக்கின் பிரதியை இரண்டாமவரிடம் கேட்டு வாங்குங்கள். அளந்தவர் தரத் தயங்கமாட்டார்.

எவருடைய மதிப்பீட்டிலும் நீங்கள் குறிப்பிடாத ஒன்று புகைபோக்கி. பழைய ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். புதிய ஃபர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே போய்விடும். தொட்டி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்து விடப்படும். அப்போது புகை சரியாக மேலெழாமல், நீராவி உள்ளே படிந்து, காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும் அபாயம் உண்டு. புகைபோக்கிக்குள் தொட்டிக்கு ஏற்ற சிறிய உட்குழாய் போட்டுத் தருவார்களா, அதன் செலவு விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நெடுவல் எழுதியது:

வாடகையைப் பற்றி நான் சொல்கிறேன். 159 டொலரைப் பத்து ஆண்டுகளுக்குப் பெருக்கினால் 19,080. 13 சதவீத வரியுடன் 21,560 டொலர். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தும் நிபந்தனையும் இருக்கும் என்பதால், உண்மைத் தொகை இதற்கும் மேலே போகும். இடையில் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும் அல்லது நீங்கள் பணம் கட்டி முடிக்க வேண்டும். முன்னர் இத்தகைய நிறுவனங்கள் வீட்டு உறுதியிலேயே உரிமை அறிவித்தல் (கருவியில் தங்களுக்கு உரிமை உண்டு என்ற பதிவு) பதிந்துவந்தன. 2024 ஜூனில் ஒன்ராறியோ அரசு நுகர்வோர் பொருட்களுக்கு அதைத் தடைசெய்தது. ஆனாலும் வாடகைக் கடன் கடனாகவே இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவர் வீடு விற்கும்போது இதில் பட்ட அலைச்சலைக் கண்ணால் கண்டவன் என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்: முன்பணம் இல்லை என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம் என்பதையும் அறிந்திருங்கள்.

வடலி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சுடுநீர்த் தொட்டி அதே புகைபோக்கியில்தான் இணைந்திருக்கிறது என்பதை இன்று பார்த்து உறுதிசெய்தேன். இரண்டாமவரின் மதிப்பீட்டில் உட்குழாய் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலாமவரின் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. வாடகையைக் கைவிட்டுவிட்டோம். முதல் நிறுவனத்திடம் 60,000 பி.டி.யு. அளவுக்கும் உட்குழாய்க்கும் புதிய விலை கேட்டிருக்கிறேன். ஹீட் பம்ப் வேண்டுமா, சாதாரண ஏசி போதுமா என்பதில் மட்டும் முடிவுக்கு வரவில்லை.

தும்பை எழுதியது:

அக்கா, ஏசி எப்படியும் மாற்றுகிறீர்கள் என்பதால் ஹீட் பம்ப் பற்றி எண்ணிப்பார்ப்பது நல்லதே. இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் ஃபர்னஸின் வேலையைப் பெருமளவு அதுவே பார்த்துக்கொள்ளும், கடும் குளிரில் ஃபர்னஸ் தொடரும். ஆனால் விளம்பரத் தாளில் உள்ள வெப்ப அளவு பூச்சியத்துக்கு மேல் 8 பாகை வெளிவெப்பநிலையில் அளந்தது. பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். முதலாமவரிடமும் அதே அளவு ஹீட் பம்புக்குத் தனி விலை கேட்டால், 14,600இல் ஹீட் பம்புக்கான பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

கையெழுத்திடுமுன் நிறுவனம் எரிவாயு வேலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஒன்ராறியோ அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வெளி இயந்திரமும் உள்ளே வரும் சுருளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் காட்டும் ஏ.எச்.ஆர்.ஐ. (இத்தகைய கருவிகளுக்குச் சான்றளிக்கும் தொழில் அமைப்பு) எண், மின்வேலைக்கான அனுமதி, வேலைக்கூலிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பத்து ஆண்டு உத்தரவாதம் என்பது அநேகமாக உதிரிப்பாகங்களுக்கு மட்டுமே, அதுவும் பொருத்தியபின் குறித்த காலத்துக்குள் உற்பத்தியாளரிடம் பதிந்தால்தான். அந்தப் பதிவை நிறுவனத்தை நம்பி விடாமல் நீங்களே செய்துவிடுங்கள்.