டெட்ரார்க் டாங்கி: சக்கரங்களைச் சாய்த்து ஒட்டலாமா?

பசை_டப்பா:
நண்பர்களே, இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் இலகு டாங்கியான டெட்ரார்க்கை 1:35 அளவு பிளாஸ்டிக் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம். மற்ற டாங்கிகளில் சங்கிலிப் பட்டையை இழுக்கத் தனியாக இருக்குமே பல் சக்கரம், அது இதில் இல்லை. கிட்டில் எல்லாவற்றையும் நேராக ஒட்டச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பழைய புகைப்படத்தில் சங்கிலிப் பட்டையே வில் மாதிரி வளைந்து நிற்கிறது. 1944 ஜூன் 6 மாலை, நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கிய நாளில், கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானம்) விட்டு வெளியே வந்து திரும்புகிற டாங்கியாகச் செய்ய ஆசை. சாய்த்து ஒட்டினால் தப்பாகிவிடுமா?

லேத்_பட்டறை:
தாராளமாக ஒட்டுங்கள், அதுதான் சரி. சாதாரண டாங்கி ஒரு பக்கப் பட்டையைப் பிரேக் போட்டுத்தான் திரும்பும். அதில் எஞ்சின் சக்தி வீணாகும். டெட்ரார்க்கில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் எட்டுச் சக்கரமும் திரும்பிச் சாயும், பட்டை வளையும், வண்டி கார் மாதிரி வளைந்து போகும். ரொம்பக் குறுகலான திருப்பத்துக்கு மட்டும் பிரேக். பிரென் கேரியர் என்ற சின்னப் பட்டை வண்டியிலும் லேசான திருப்பத்துக்குப் பட்டையை வளைப்பார்கள், ஆனால் இத்தனை தூரம் இல்லை. பல் சக்கரம் காணோம் என்றீர்களே, பின்னால் இருக்கிற பெரிய சக்கரம்தான் பட்டையை இழுக்கிறது. ஒட்டும்போது மேலிருந்து பாருங்கள்: நாலு சக்கரமும் ஒரே வில்லின் மேல் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் திருப்பிவிடாதீர்கள்.

மழைக்கோட்டு:
இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு டெட்ரார்க் நிற்கிறது. பக்கத்தில் குனிந்து பார்த்தேன். 7.6 டன் என்று படித்துவிட்டுப் போனாலும், நேரில் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அதிகபட்சக் கவசம் 14 மி.மீ. அதற்குள் மூன்று பேர், ஒரு 2 பவுண்டர் (40 மி.மீ.) பீரங்கி. ஹாமில்கார் என்ற பெரிய கிளைடருக்குள் ஏற்ற வேண்டுமென்றால் இந்த எடைதான் முடியும். பறக்கும்போதே ஆட்கள் டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பார்கள், இறங்கியதும் மூக்குக் கதவு திறந்து நேராக வெளியே. அந்த இருட்டுப் பெட்டியில் உட்கார்ந்து வந்தவர்களை நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம், நீங்கள் சொன்ன அந்த மாலையில் ஒரு விஷயம் மறக்க வேண்டாம். முந்தின ராத்திரி குதித்தவர்களின் பாராசூட்டுகள் நார்மண்டியின் ரான்வில் கிராமத்துப் பக்கத்து வயலில் அப்படியே கிடந்தன. அந்தக் கயிறுகள் பல டாங்கிகளின் சக்கரங்களில் சுற்றிக்கொண்டு அவற்றை நகரவிடாமல் செய்துவிட்டன. ஆகஸ்டுக்குள் பெரும்பாலானவற்றின் இடத்தில் குரோம்வெல் என்ற கனமான பிரிட்டிஷ் டாங்கிகள் வந்துவிட்டன.

பசை_டப்பா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கயிற்றுக்குத் தையல் நூலில் மெழுகு தடவி வைத்திருக்கிறேன். திரும்ப ஆரம்பித்த டாங்கி, பின் சக்கரத்தில் நாலு சுற்று நூல், பாதித் துணி பட்டைக்கு அடியில். துணிக்கு டிஷ்யூ பேப்பர் போதுமா, மெல்லிய பட்டு கிடைக்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

லேத்_பட்டறை:
டிஷ்யூவே போதும். தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, ஈரத்தோடு பட்டை மேல் போடுங்கள். சுருக்கம் தானாக விழும்.