மீண்டும் அச்சுப் புத்தகம்: வட சென்னையில் எங்கே தொடங்கலாம்?

கேள்வி (ராயபுரம்):
கல்லூரிக் காலத்துக்குப் பிறகு கைபேசியிலேயே வாசித்து வந்த எனக்கு, அண்மையில் அக்கா கொடுத்த ஒரு சிறுகதைத் தொகுப்பு பெரும் நிறைவைத் தந்தது. கதை இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை விரல்களே உணரும் அந்த அனுபவத்தை இனி இழக்க விரும்பவில்லை. அதிகச் செலவின்றிப் புத்தகங்களை எங்கே பெறலாம்?

பதில் (பெரம்பூர்):
வணக்கம். விலைக்கு வாங்கும் முன் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த அமைப்பு அது. நம் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுவதால், அங்கே உரிமையோடு நுழையலாம். தொடக்கத்தில் சிறுகதைகளே நல்லது; பெரிய நாவல்கள் காத்திருக்கட்டும். வாசிக்கும் நேரத்தில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

பதில் (வியாசர்பாடி):
சொந்தமாக வைத்துக்கொள்ள விரும்பினால், சென்ட்ரல் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குச் செல்லுங்கள். 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பின், பழைய புத்தக வியாபாரிகள் பலர் அங்கேதான் கடை வைத்தார்கள். முன்பு வாசித்த யாரோ ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. வாங்குவதற்கு முன் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள்.

பதில் (தண்டையார்பேட்டை):
எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்துசேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டிக்கு மாறினால் எழும்பூரில் இறங்கிவிடலாம்.