பிராணாயாமம் செய்தால் உடம்பின் மின்சக்தி கூடுமா?

கேள்வி:
யோகா வகுப்பில் மாஸ்டர், பிராணாயாமம் செய்தால் உடம்பின் மின்சக்தி ஏறும், நோய் அண்டாது என்கிறார். விரல் நுனியில் ‘ஆரா’ (உடம்பைச் சுற்றி இருப்பதாகச் சொல்லும் ஒளி) படம் எடுக்கத் தனிக் காசு வேறு. அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது, அவரையும் சேர்க்கலாமா?

பதில்:
உடம்பில் மின்சாரம் இருப்பது நிஜம்தான். நரம்பு செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டு, சோடியம், பொட்டாசியம் அயனிகளால் வருவது. இசிஜியில் பார்ப்பதும் இதயத் தசையின் மின்சாரத்தைத்தான். ஆனால் அது போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோல் ஏறிக்கொண்டே போகாது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்று நிதானமாக விடும்போது, உள்ளிழுக்கையில் நாடி கொஞ்சம் வேகமாகும், வெளிவிடுகையில் தணியும், மணிக்கட்டில் விரல் வைத்தாலே தெரியும். அது மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை, எனக்கு அதுவே பெரிய அதிசயம்!

பதில்:
ஆரா படத்துக்குக் காசு கொடுக்காதீங்க சகோ. அது பெரும்பாலும் கிர்லியன் முறை: உயர் மின்னழுத்தத்தில் விரலைச் சுற்றிக் காற்று ஒளிர்கிறது, விரலில் ஈரம் மாறினால் படமும் மாறும். யோக சக்திக் கதைகளும் இப்படித்தான். 1961இல் வெளியான ஒரு ஆய்வில், இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளைச் சோதித்தார்கள். கையில் நாடி மறைந்தது, இசிஜியில் துடிப்பு நிற்கவே இல்லை. மூச்சை அடக்கி மார்பை இறுக்கியதில் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதில்:
அம்மாவைத் தாராளமாகச் சேருங்க, பிரஷர் ஓரளவு குறையலாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கும்பகம் (மூச்சை அடக்குவது), கபாலபாதி (மூச்சை வேகமாக வெளித்தள்ளுவது), தலைகீழ் ஆசனம் வேண்டாம் என்று மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்க, கண்ணில் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் அதையும் சேர்த்து.