அவல்ஷன் – ‘தடம்புரள்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆறு திடீரென்று பழைய வழியை விட்டுப் புதுவழியில் ஓடத் தொடங்குவதற்கு, அதாவது ஆங்கிலத்தில் அவல்ஷன் (avulsion) என்பதற்கு, தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கரையுடைப்பு, வெள்ளப்பெயர்வு, ஆற்றுப்பறிப்பு, தடமாற்றம். ஐந்தாவதாக நான் ‘தடம்புரள்வு’ என்கிறேன். முதலில் நிலத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சொற்களில் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

மலையிலிருந்து மண் சுமந்துவரும் ஆறு சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, வேகம் தணிகிறது, சுமை இறங்குகிறது. வெள்ளம் கரைக்கு மேல் வழியும்போது பருமணல் ஓரத்திலேயே தங்கிக் கரையை மேடாக்கும். நுண்ணிய வண்டல் தள்ளிப்போய்ப் படியும். இப்படியே நெடுங்காலம் போனால் ஆற்றின் தரையும் கரையும் சேர்ந்து உயர்ந்து, பக்கத்து நிலத்தைவிட மேட்டில் ஆறு ஓடும். (‘படுகை’ என்று எழுதாமல் ‘தரை’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தஞ்சைப் பக்கம் கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட சாகுபடி நிலம் படுகை. பாடநூலில் காவிரிப் படுகை என்றால் ஆற்றின் நீர்பிடி நிலம் முழுவதும். அதைத் தனி இழையில் பேசலாம்.) மேட்டில் ஓடும் ஆற்றுக்குப் பக்கவாட்டில் கூடுதல் சரிவுள்ள வழி ஒன்று எப்போதும் இருக்கும். ஓரிடத்தில் கரை விட்டுக்கொடுத்தால் போதும். ஆறு அந்தப் பக்கம் இறங்கிவிடும், பழைய தடம் வற்றிப்போகும்.

நேபாளத்திலிருந்து பீகாருக்குள் வரும் கோசி ஆற்றை எடுத்துக்கொள்வோம். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசகாவில் அதன் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு பல பத்துக் கிலோமீட்டர் கிழக்கே போய், நூறாண்டுக்கும் முன்பே தான் விட்டுவந்த தடங்களில் பாய்ந்தது. பீகாரில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது அன்றைய நீரின் அளவு. சற்றுக் கீழே இருக்கும் கோசி தடுப்பணை வினாடிக்கு 9.5 லட்சம் கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது. அன்று வந்த நீர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1950-களிலிருந்து இருபுறமும் எழுப்பிய கரைகளுக்கு நடுவே வண்டல் ஏறிக்கொண்டே வந்து, ஆற்றின் தரை வெளிநிலத்தைவிட உயர்ந்துவிட்டிருந்தது. சாதாரண மழைக்காலப் பெருக்கே மிச்ச வேலையை முடித்தது.

ஆகவே ‘வெள்ளப்பெயர்வு’ பொருந்தாது. வெள்ளம் தூண்டுகோலாக இருக்கலாம், காரணம் மண். ‘கரையுடைப்பு’ம் வேண்டாம். கொள்ளிடத்தில் உடைப்பு என்றால் நம் எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் வயலுக்குள் போகும், மூட்டை அடுக்குவார்கள், வெள்ளம் வடியும், ஆறு அதே ஆறாக ஓடும். உடைப்பு வேறு, ஆறே இடம் மாறுவது வேறு. நல்ல சொல்லை அதன் வேலையிலேயே விட்டுவிடுவோம்.

‘ஆற்றுப்பறிப்பு’ மருத்துவ வழக்கிலிருந்து வந்தது என்று முன்மொழிந்தவரே விளக்கியிருந்தார். அடிபட்டுப் பல் பெயர்ந்து விழுவதையும் மருத்துவர்கள் அவல்ஷன் என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஆறு தன் தலைப்பகுதியை அரித்து அரித்து இன்னோர் ஆற்றின் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்கும் ஒரு சொல் வேண்டுமே. பறிப்பு அங்கே கச்சிதமாக உட்காரும்.

மிச்சம் இருப்பது ‘தடமாற்றம்’. தவறான சொல் இல்லை. ஆனால் ஒரு கரையை அறுத்து மறுகரையில் மணல் சேர்த்து, ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதும் தடமாற்றம்தானே? இந்த இரண்டையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கார்ட்டர் லேக் என்ற ஊர் சாட்சி. 1877-இல், இரு மாநிலங்களுக்கு எல்லையாக ஓடிய மிசௌரி ஆறு வெள்ளத்தில் ஒரு வளைவை அறுத்துக்கொண்டு நேராக ஓடியது. அயோவா மாநிலத்து நிலம் ஆற்றுக்கு மறுபக்கம், நெப்ராஸ்காவின் ஒமாகாவோடு ஒட்டிக்கொண்டது. ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று இடம் மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பது சட்டம். 1892-இல் உச்ச நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது. ஊர் இன்றும் அயோவாவில்தான் இருக்கிறது. நிலவியலில் இதை வளைவு அறுபடல் என்று தனியாகச் சொல்வோம், சட்டம் இதையும் அவல்ஷனில் சேர்க்கிறது. எப்படியானாலும் மெதுவும் திடீரும் இரு வேறு சொற்களில் இருந்தாக வேண்டும். மெதுவாக நடப்பதற்குத் ‘தடநகர்வு’ என்று வைக்கலாம்.

இப்போது என் சொல். ரயில் தடம் புரண்டது என்று தினமும் படிக்கிறோம். திடீர்த்தன்மை அதிலேயே இருக்கிறது. வெள்ளம் கரை புரண்டது என்பதும் நம் பேச்சில் உள்ளதுதான், அதனால் ‘புரள்’ ஆற்றுக்குப் புதிதில்லை. வினையாக்கினாலும் இடறவில்லை: “1787 வெள்ளத்தில் டீஸ்டா தடம்புரண்டு, கங்கையை விட்டுப் பிரம்மபுத்திராவில் சேர்ந்தது.” “1855-இல் மஞ்சள் ஆறு தடம்புரண்டு, ஷான்டாங் தீபகற்பத்துக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்தது வடக்கே போஹாய் கடலுக்குத் திரும்பியது.” திரும்பக் கொண்டுவருவதையும் சொல்ல முடிகிறது: 2009 தொடக்கத்தில் குசகா உடைப்பை அடைத்துக் கோசியைத் தடத்துக்குத் திருப்பினார்கள்.

தடம்புரள்வு என்றால் ஒழுக்கம் கெட்டதுபோல ஒலிக்கிறது, ஆற்றின் மேல் பழி விழுகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நியாயமான கவலை. நாம் அஞ்சும் இந்த நிகழ்வுதான் கோசியின் மாபெரும் விசிறிச் சமவெளியை உண்டாக்கியது. ஒரே தடத்தில் கிடந்திருந்தால் அத்தனை அகலத்துக்கு வண்டலைப் பரப்பியிருக்க முடியாது. அதை விளக்கத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுவோம். அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம், ஆறு கைவிட்ட வழிக்குப் ‘பழந்தடம்’. பாலாறு ஒருகாலத்தில் காவேரிப்பாக்கம் அருகே வடகிழக்கே திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றின் வழியே கடலுக்குப் போனது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். சென்னைக்குத் தண்ணீர் தந்த தாமரைப்பாக்கம், பஞ்செட்டி கிணறுகள் அந்த வட்டாரத்து வண்டல் மணலில்தான் இறங்கின. நிலத்தடி நீர் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பழந்தடம் அடிக்கடி தேவைப்படும்.

ஆறு பிரிந்து போகும் அந்த இடத்துக்கு மட்டும் எனக்குத் திருப்தியான சொல் கிடைக்கவில்லை. ‘புரள்முனை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். வாய்க்கால் தலைப்பு, மதகு, கலுங்கு பக்கம் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் இதற்குச் சொல் இருந்தால் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.