நீல விளக்கா, ஜெல்லும் மாத்திரையுமா?

வாணி, ஈரோடு:

வயது 26. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. எதிரே நிற்பவர் என் முகத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வழியே இல்லை. ஆறு மாதமாகத் தாடையோரம் பருக்கள்; சிலவற்றில் சீழ். தோல் மருத்துவர் இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதப் பூச்சு, கூடவே டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதித் தந்தார். மூன்று வாரமாகியும் பரு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. மூக்கோரம் தோல் உரிகிறது. போதாததற்கு, அம்மா ஆசையாக வாங்கிய நீலத் தலையணை உறையில் அந்தப் பெராக்சைடு பட்டுத் திட்டுத் திட்டாகச் சாயம் போய், வீட்டில் பஞ்சாயத்து.

போன வாரம் ஓர் அழகு கிளினிக்கில் முகத்தை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரையில் மூக்கைச் சுற்றி ஆரஞ்சுப் புள்ளிகள். “எல்லாம் கிருமி. நீல ஒளியில் எட்டு சிட்டிங், மாத்திரையே வேண்டாம்” என்றார்கள். 16,000 ரூபாய், என் ஒரு மாதச் சம்பளம். 500 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டேன். மருந்தை நிறுத்திவிட்டுப் போகலாமா?

செல்வி, திண்டுக்கல்:

நான் போயிருக்கிறேன், வாணி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு இருபது நிமிடம் படுக்க வைப்பார்கள். வலி கிடையாது. நான்காவது சிட்டிங்கிலேயே சிவந்த சின்னப் பருக்கள் அடங்கின. அதை மறைக்க மாட்டேன். கரும்புள்ளிகள் அசையவே இல்லை. முடித்து இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அதே பருக்கள். விளக்கை நம்பி ஜெல்லை நிறுத்தியதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

மருந்துக்கடைக்காரர், கரூர்:

அம்மா வாணி, அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் பொய்யில்லை. பருக் கிருமி பார்ஃபிரின் என்ற பொருளைச் சுரக்கிறது. புற ஊதா வெளிச்சத்தில் அது மின்னும். 415 நானோமீட்டர் அளவுள்ள நீல ஒளி பட்டால் அதே பொருள் கிருமியைக் கொல்லும். ஆனால் தோல் துளை அடைபட்டே கிடந்தால், செத்த கிருமியின் இடத்தில் அடுத்தது வளரும். அடைப்பை எடுப்பது அடாபலீனின் வேலை. அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதும் உண்டு. மூன்றாவது வாரத்தில் என் கவுண்டருக்கு வந்து “மருந்து சரியில்லை” என்று சண்டை போடாதவர்கள் குறைவு.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் ஒளிச் சிகிச்சை பற்றிய 71 ஆய்வுகளை அலசியும் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உங்கள் சீட்டில் உள்ள மூன்றையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. ஒளிக்கோ சான்று போதாது என்கிறது. ஒளி வீண் என்று சொல்லவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நீல ஒளி கருமையை வரவழைக்கவும் கூடும். அதைக் கிளினிக்கில் சொன்னார்களா?

மாத்திரையை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும். வெயிலில் எச்சரிக்கை தேவை. கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். யாராவது “வெள்ளையாக்கும் கிரீம்” என்று ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அதனால் பரு முற்றி வந்தவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

வாணி, ஈரோடு:

நன்றி அண்ணா, செல்வி அக்கா. நேற்று மருத்துவரிடம் மறுபடி போனேன். ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு, அதுவும் ஈரப்பதக் கிரீம் தடவிய பிறகு போடச் சொன்னார். இத்தனை நாள் ஒவ்வொரு பருவின் மேலும் தனித்தனியாக அப்பிக்கொண்டிருந்தேன் என்றதும் சிரித்துவிட்டார். கிளினிக்கில் 500 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு வெள்ளை உறையாகப் பார்த்து இரண்டு வாங்கிக் கொடுத்தாயிற்று.