பித்தக்குழாய் அடைப்புள்ள குழந்தையின் பெற்றோரே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தென்காசி அம்மா:
அடைத்த குழாயை எடுத்துவிட்டுக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்திருந்தோம். மாமியார் வீட்டு விசேஷத்தில் ஒரு பெரியம்மா என் மகளைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் இமையை இழுத்துப் பார்த்தார். "மாசமா இருக்கும்போது என்னத்த தின்ன?" என்று கேட்டார். கூடம் நிறைய ஆள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, என் கணவரும்தான். இப்போதும் டயபரைப் பிரித்தால் மலம் வெளுத்திருக்கிறதா என்று முதலில் நிறத்தைப் பார்க்கிறேன், அப்புறம்தான் பிள்ளையின் முகத்தை.

ஈரோடு அப்பா:
கணவரைக் குறை சொல்வது சரியில்லை, தங்கச்சி. ஆம்பளை பேசாமல் நின்றால் கவலை இல்லையென்று ஆகிவிடுமா? மகனுக்கு என் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தேன். முந்தின ராத்திரி என் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு ஒண்ணு ஆயிட்டா?" என்றார். பேரன் என்றால் அவருக்கு உயிர். சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாகவே நின்றார். இன்றுவரை இதை மனைவியிடம் சொல்லவில்லை.

மதுரைப் பாட்டி:
பேத்தி மூக்கில் டியூப் இருப்பதைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். என் மருமகள் அன்றிலிருந்து பஸ் ஏறுவதில்லை.

அம்மாடி, நீ எதையோ சாப்பிட்டதால் இந்த அடைப்பு வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அதைக் கணவர் வாயால் சொந்தக்காரர்களிடம் சொல்லவை. கீழாநெல்லி கொடுக்கச் சொல்லி வருவார்கள், கேட்காதே. அடைத்த குழாயை அது திறக்காது. பிறந்து இரண்டு மாதத்துக்குள் கசாய் செய்தால்தான் பலன் அதிகம், பத்தியம் பார்த்தே அந்த நாள் ஓடிவிடுகிறது. தைவானில் 2004 முதல் மலத்தின் நிறம் பார்க்கும் அட்டையைப் பிறந்த குழந்தையின் நலப் புத்தகத்திலேயே வைத்துக் கொடுக்கிறார்கள், இங்கேயும் வேண்டும். ராத்திரி முறைவைத்துத் தூங்குங்கள். பயம் வந்தால் காஞ்சிபுரத்துச் சஞ்சயை நினைத்துக்கொள்ளுங்கள். இதே நோய். 1998-இல் டெல்லியில் அப்பாதான் கல்லீரல் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அது. அந்தப் பையன் வளர்ந்து டாக்டர் ஆகிவிட்டான்.

தம்பி, மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

ஈரோடு அப்பா:
சொன்னால் அவளுக்கு என் அம்மாமேல் கோபம் வரும். இருவரும்தான் மாறி மாறி மகனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தென்காசி அம்மா:
கோபம் வராது, அண்ணா. என் கணவர் இப்படி ஒன்றைச் சொன்னால் நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். அவர் எதுவுமே சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.